பதவி வகித்தல்: ஒரு சொல்லாராய்ச்சி

இன்னார் இன்ன பதவியை இத்துணை ஆண்டு வகித்தார் என எழுதுவது நம் உரைநடையிற் பெருவழக்காகும். சட்டமன்றம், நகராட்சி, ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், கல்லூரி மாணவர் மன்றம் ஆகிய எவ்விடத்துப் பதவிக்கும் இவ்வொரு வினைச்சொல் பொருந்துகின்றது. பதவியைப் ‘பிடித்தார்’ என்பதும், பதவியில் ‘உட்கார்ந்தார்’ என்பதும் பேச்சில் உளவேனும், ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பை முறையாக எழுதப் புகுவோர் அவற்றை விலக்கி ‘வகித்தார்’ என்றே எழுதுவர். இப்பெயர்ச்சொல் இவ்வினைச்சொல்லைத் தனக்குத் துணையாகக் கொண்டமைக்குக் காரணம் என்னை? அவ்வினைச்சொல் நமக்கு உணர்த்துவது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அரசியற் சொற்களை அகராதியில் மட்டும் வைத்து ஆராய்தல் போதாது. அவை வழங்கிய மண்ணிலும் வைத்து ஆராய்தல் வேண்டும். ஆதலின் ஆரணியை அடுத்த படவேட்டை நாம் ஆராய்ச்சிக்குரிய இடமாகக் கொள்வோம். எழுநூறு ஆண்டுகளில் வந்து போன ஆட்சிகள் பலவும் தத்தம் சொற்களை இவ்வூரைச் சூழ்ந்த நிலத்தில் விட்டுச் சென்றிருக்கின்றன.

படைவீடும் படவேடும்

ஆரணிக்கு மேற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதி பாயும் பள்ளத்தாக்கில் உள்ளது படவேடு. இரேணுகாம்பாள் கோயிலால் இன்று பலரும் அறிந்த இவ்வூர் கல்வெட்டுகளிற் படைவீடு எனப்படும். சோழப் பேரரசின்கீழ்ச் சிற்றரசராயிருந்த செங்கேணிக் குடியினரான சம்புவராயர், அப்பேரரசு 13ஆம் நூற்றாண்டில் வீழ்ந்தபின், 14ஆம் நூற்றாண்டில் இதனைத் தலைநகராகக் கொண்டு தனியரசு செலுத்தினர். 1360ஆம் ஆண்டை ஒட்டி விசயநகரத்து இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்து சம்புவராயரை வென்றார். அவ்வெற்றியை அவருடைய தேவியாராகிய கங்காதேவி ‘மதுரா விசயம்’ என்னும் வடமொழிக் காவியத்திற் பாடியுள்ளார். பின்னர் விசயநகரத்தார் இப்பகுதியைப் படைவீட்டு இராச்சியம் என்னும் பெயரால் ஒரு மாகாணமாக வைத்து ஆண்டனர். மராட்டியர் காலத்தில் ஆரணி ஒரு ஜாகீராயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் இவ்விடங்கள் வடஆர்க்காடு ஜில்லாவில் அடங்கின. 1989ஆம் ஆண்டில் திருவண்ணாமலை மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனைச் சார்ந்தன.

இங்ஙனம் ஒரே பள்ளத்தாக்கில் சக்கரவர்த்தி, மகாமண்டலேசுவரர், ஜாகீர்தார், கலெக்டர், ஊராட்சித் தலைவர் எனப் பல பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கின. இப்பெயர்களையும் இவற்றைச் சூழ்ந்து வழங்கிய சொற்களையும் நோக்குமிடத்து, அதிகாரத்தைப் பற்றி மாந்தர் மூவகையாக எண்ணியிருத்தல் புலனாகின்றது. அதிகாரம் தலையிற் சூடிக்கொள்ளும் அணி என்பது ஒன்று; கையிற் பற்றிக்கொள்ளும் உடைமை என்பது மற்றொன்று; தோளிற் சுமந்து செய்யும் வினை என்பது மூன்றாவது. இம்மூன்றனையும் முறையே காண்போம்.

சூடும் பட்டம்

முதலாவது கருத்திற்குரிய சொல் ‘பட்டம்’ என்பது. வடமொழியிற் ‘பட்ட’ என்னும் சொல்லுக்குப் பலகை, தகடு, துணிக்கீற்று, தலையிற் கட்டும் நாடா எனப் பல பொருள்கள் உள. அரசன் நெற்றியிற் பொற்றகட்டையோ பட்டுத்துணியையோ கட்டி அவனுக்கு உரிமை வழங்கியமையாற் ‘பட்டங் கட்டுதல்’ என்னும் வழக்கு எழுந்தது. பட்டாபிடேகம், பட்டத்தரசி, பட்டத்து யானை என்பனவெல்லாம் அதன் வழி வந்தவை. செப்புத் தகட்டில் எழுதிய சாசனம் பட்டயம் ஆயிற்று. நிலவுரிமைச் சீட்டு பட்டா ஆயிற்று. ஆரணித் தறிகளில் நெய்யப்படும் பட்டின் பெயரும் இச்சொல்லோடு உறவுடையதென்று கருதுவர். நாம் கல்லூரியிற் பயின்று பெறுவதும் பட்டமே. சிறுவர் நூல் கட்டிக் காற்றிற் பறக்க விடும் காகிதத்திற்கும் அப்பெயர் வழங்குதல் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

பட்டத்தின் பெருமையும் சிறுமையும் படவேட்டு வரலாற்றிற் காணக் கிடக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட இராசநாராயணச் சம்புவராயர், கல்வெட்டுகளிற் ‘சகலலோகச் சக்கரவர்த்தி’ எனப்படுகின்றார். உலகங்கள் அனைத்திற்கும் அவர் சக்கரவர்த்தி. ஆயின் அவர் ஆணை சென்ற நிலமோ தொண்டை மண்டலத்தை ஒட்டிய ஒரு சிறு நாடேயாகும். அவருக்கு முன்னிருந்தவர் ‘வென்றுமண்கொண்டார்’ என்னும் பெயரினர். வென்றதும் மண்ணைக் கொண்டதுமே அவர் பெயராயிற்று. அம்மண்ணில் வாழ்ந்தார்க்கு அவர் செய்தது யாதென்பதை அப்பெயர் கூறவில்லை.

இங்ஙனம் கூறுவதால் சம்புவராயரை நாம் இகழ்ந்ததாகக் கொள்ளற்க. பேரரசுகள் வீழ்ந்து நாடு கலங்கிய ஒரு காலத்தில் இப்பகுதியைக் காத்து நின்றவர் அவர். நாம் கருதுவது பட்டம் என்னும் சொல்லின் இயல்பையே. அணியப்படுவது எதுவும் அணிவோனை அழகு செய்வதற்கு உரியது. அதனால் மற்றையோர்க்கு வரும் பயன் அச்சொல்லில் அடங்குவதில்லை. உலகச் சக்கரவர்த்தி என்னும் பட்டம் கம்பணர் படை வந்தபோது சம்புவராயரைக் காக்கவில்லை. பட்டங்கட்டிய குடி மறைந்தது. படைவீட்டு இராச்சியம் என்னும் பெயரோ அதன்பின்னும் நெடுங்காலம் நின்றது. பதவி அதனை ஏற்றோரினும் நீண்ட ஆயுளுடையது என்பதற்கு இஃதொரு சான்றாம்.

கொள்ளும் உடைமை

இரண்டாவது கருத்து அதிகாரத்தை உடைமையாகக் கொள்வது. ஆரணியின் ஜாகீர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஜாகீர் என்பது பாரசீகச் சொல். ‘ஜா’ என்பது இடம். ‘கீர்’ என்பது பற்றுதல். ஆகவே ஜாகீர் என்பது இடம் பற்றுதல் எனவும், ஜாகீர்தார் என்போர் அங்ஙனம் பற்றிய இடத்தைத் தம்மிடம் வைத்திருப்பவர் எனவும் பொருள்படும். ஈற்றில் நிற்கும் ‘தார்’ என்பதற்கு வைத்திருப்பவர், உடையவர் என்பது பொருள். நிலத்தை உடையவர் ஜமீன்தார். பரம்பரை உரிமை உடையவர் மிராசுதார். இனாம் பெற்றவர் இனாம்தார். தண்டல் பொறுப்புடைய தாசில்தார் இன்றும் நம்மிடையே இருக்கின்றார். பழந்தமிழில் தார் என்பது மாலையையும் குறிக்கும். இவ்விரு தாரும் வேறு வேறு மொழியின எனினும், நம் நாட்டில் ஒருவர் தோளிலேயே பல்காற் சேர்ந்து கிடந்தன.

உடைமைக் கருத்து பாரசீகத்திற்கே உரியதன்று. நம் ‘ஆள்’ என்னும் வினைச்சொல்லும் அதனை உடையதே. ஆளுதல் என்பதற்கு அரசு செலுத்துதல் என்பதோடு, உடைமையாகக் கொண்டு அனுபவித்தல் என்னும் பொருளும் உண்டு. தொண்டை மண்டலத்தில் நிலத்தின்மேல் வழிவழி வந்த உரிமை ‘காணியாட்சி’ எனப்பட்டது. சென்னையிற் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை இவ்வுரிமையை விரிவாக ஆராய்ந்து 1818ஆம் ஆண்டில் எழுதினார். எனினும் ஆள் என்பதற்கு மூன்றாவது ஒரு பொருளும் உளது, அது பயன்படுத்துதல். கையாளுதல், எடுத்தாளுதல், சொல்லாட்சி என்னும் வழக்குகளில் இப்பொருள் விளங்கும். ஒரு சொல்லை நன்கு ஆள்பவன் அதனைத் தன் பெட்டியிற் பூட்டி வைப்பவனல்லன். உரிய இடத்தில் உரியவாறு வழங்குபவனே. ஆட்சி என்பதை இப்பொருளிற் கொள்வோமாயின் அச்சொல்லும் குற்றமற்றதாகும்.

பதவியை உடைமையாகக் கொண்ட வழக்கம் அரசரோடு நின்றதன்று. சிற்றூர்க் கச்சேரிவரை சென்றது. கிராம முன்சீப், கர்ணம் ஆகிய பதவிகள் தந்தைக்குப்பின் மகனுக்கு உரியனவாய் நெடுங்காலம் இருந்தன. 1895ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் ஒன்று இவ்வுரிமையை எழுத்தில் நிலைநிறுத்தியது. நிலமும் வீடும் பாகம் பிரிப்பதுபோலக் கணக்குப் பதவியும் குடும்பச் சொத்தாக எண்ணப்பட்டது. விடுதலைக்குப்பின் இவ்வெண்ணம் சட்டத்தின் முன் நிற்க இயலவில்லை. அரசுப் பணியிற் குடிமக்கள் அனைவர்க்கும் ஒத்த வாய்ப்பு உண்டெனக் கூறும் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பிற்கு முரணாக, மரபுரிமை பற்றியே கிராமப் பதவி வழங்குதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு நவம்பரில் அரசு ஓர் அவசரச் சட்டத்தாற் பழைய பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. அவ்விடத்திற் கிராம நிர்வாக அலுவலர் என்னும் புதுப்பதவி அமைந்தது. ‘கர்ணம் வீடு’ என்று சில ஊர்களில் இன்றும் ஒரு வீட்டைச் சுட்டுவர். பதவி போயிற்று; வீட்டின்மேற் பெயர் நின்றது.

செய்யும் வினை

மூன்றாவது கருத்து, பதவி என்பது செய்யப்படும் ஒரு வினை என்பது. இதன் சிறந்த சான்றைக் காண நாம் படவேட்டிலிருந்து கிழக்கே, அதே தொண்டை மண்டலத்தில் உள்ள உத்தரமேரூருக்குச் செல்லவேண்டும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் எடுக்கும் முறையை அவை வகுத்துரைக்கின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கு மேலும் 70க்குட்பட்டும் இருத்தல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். இங்ஙனம் தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் ஆயினர். அவர்களுக்குரிய காலம் 360 நாட்கள். முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வருதல் கூடாது. யாவற்றினும் முதன்மையாக, முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவ்வமைப்பில் நம் சொல்லாராய்ச்சிக்குரிய செய்தி ஒன்று உண்டு. அக்கல்வெட்டுகள் வாரியத்தை ஒருவர் சூடியதாகவோ கொண்டதாகவோ கூறவில்லை. ‘வாரியஞ் செய்தல்’ என்பதே அங்குள்ள வழக்கு. ஏரியைத் தூர்வாருதலும் தோட்டத்தைக் காத்தலும் போல வாரியமும் ஒரு செய்கை. செய்து முடித்தபின் கணக்குக் காட்டி நீங்க வேண்டியது. ஆங்கிலத்தில் ‘ஆபீசு’ என வழங்கும் சொல்லின் மூலமான இலத்தீன் ‘ஒஃபீசியம்’ என்பதும் வேலையைச் செய்தல், கடமை என்னும் பொருளுடையதே. நாமோ அதனை ஒரு கட்டடத்தின் பெயராக்கிவிட்டோம். வாரியம் என்னும் பழஞ்சொல்லும் வீட்டுவசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் என இன்று மீண்டும் வழக்கிற்கு வந்துள்ளது. கணக்குக் காட்டும் பழைய கடமையும் அதனுடன் வந்ததா என்பதை நாம் ஒவ்வொரு முறையும் வினவுதல் தகும்.

இக்குடவோலை முறையை மக்களாட்சி எனப் புகழ்வோர் ஓர் உண்மையை மறத்தலாகாது. அஃது அந்தணர் குடியிருப்பின் ஏற்பாடு. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதிற் பங்கிருந்தது. பெண்டிர்க்கும், நிலமற்ற உழவர்க்கும், பிற குலத்தார்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஆயினும் பதவியைச் செய்கையாக எண்ணிய அச்சொல்லாட்சி நாம் போற்றி ஏற்கத்தக்கது. அக்குடத்தின் வாயை அகலமாக்குதலே பின்வந்தோர் கடமையாயிற்று.

பதவியில்லாரும் ஊர்க்கு விதி செய்யலாம் என்பதற்குப் படைவீட்டு இராச்சியத்திலேயே ஒரு சான்று உண்டு. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்துக் கோயிலில், தேவராயர் காலத்ததாகிய சக ஆண்டு 1347க்குரிய கல்வெட்டொன்று உளது. அவ்விராச்சியத்து அந்தணருட் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் எனப் பல பிரிவினர் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். மணப்பெண்ணுக்காகப் பொன் வாங்குதல் கூடாது. திருமணம் கன்னிகாதானமாகவே நடைபெறல் வேண்டும். மீறிப் பொன் கொடுத்தவரும் வாங்கினவரும் அரசதண்டனைக்கும் குலவிலக்கிற்கும் உரியர் என்பது அதன் சாரம். அரசர் ஆணையிடக் காத்திராது மக்களிற் கற்றோர் தாமே கூடி விதி வகுத்துக் கையெழுத்திட்டனர். அவரிடம் பட்டம் இல்லை, ஜாகீர் இல்லை, பொறுப்புணர்ச்சி இருந்தது.

பதவி என்னும் சொல்

இனி நம் தொடரில் உள்ள இரண்டு சொற்களையும் நேரே நோக்குவோம். ‘பதவி’ என்பது வடசொல். பதம் என்பது அடி. பதவி என்பது அடிவைத்துச் செல்லும் வழி. வழி என்னும் பொருளிலிருந்தே நிலை, தகுதி என்னும் பொருள்கள் கிளைத்தன. ஒருவர் நடந்து சென்றபின் மற்றொருவர் நடப்பது வழியின் இயல்பு. வழியில் வீடு கட்டிக்கொள்வோனை ஊரார் ஆக்கிரமிப்பாளன் என்பர்.

சமயநூல்களிற் பதவி என்பது இறைவனடி சேர்ந்தார் பெறும் நிலையையும் குறிக்கும். இன்னார் ‘சிவலோக பதவி அடைந்தார்’, ‘வைகுண்ட பதவி அடைந்தார்’ என்று நீத்தார் அறிவிப்புகளில் நாம் காண்கின்றோம். ஈண்டு வினைச்சொல்லைக் கருதுக. மேலுலகப் பதவியை ஒருவர் அடைகின்றார். இவ்வுலகப் பதவியை ஒருவர் வகிக்கின்றார். சிவலோக பதவி வகித்தார் என்று எவரும் எழுதுவதில்லை. ஏனெனின் அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை. அஃது இளைப்பாறும் இடம். இவ்வுலகப் பதவியையும் இளைப்பாறும் இடமாக எண்ணுவோர் இரண்டு பதவிகளையும் ஒன்றெனக் கொண்டு மயங்கினவராவர்.

வகித்தல் என்னும் சொல்

‘வகி’ என்பது ‘வஹ்’ என்னும் வடமொழி அடியிற் பிறந்தது. சுமத்தல், தாங்கிச் செல்லுதல் என்பது அவ்வடியின் பொருள். சுமந்து செல்வது வாகனம். நீரைச் சுமந்து ஓடுவது பிரவாகம். மணமகளை அழைத்துச் செல்வது விவாகம். ஏற்ற சுமையை வழியில் இறக்காது இறுதிவரை கொண்டு சேர்ப்பது நிர்வாகம். பதவி வகித்தலும் தலைமை வகித்தலும் இக்குடும்பத்தைச் சார்ந்தனவே. ஆகவே பதவி வகித்தார் என்று நாம் எழுதும்போது, அறிந்தோ அறியாமலோ, பதவியைச் சுமந்தார் என்றே எழுதுகின்றோம்.

பிற தொடர்களோடு இதனை ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும். உத்தியோகம் பார்த்தல் என்போம். அதிகாரம் செலுத்துதல் என்போம். பட்டம் சூடுதல் என்போம். ஆட்சி புரிதல் என்போம். பார்ப்பதில் கண்ணுக்கு வேலை. செலுத்துவதிற் பிறர்மேல் நம் விசை. சூடுவதில் நமக்கு அழகு. புரிவதில் நம் செயல். வகிப்பது ஒன்றிலேதான் பளு நம்மேல் இருக்கின்றது. பதவியிலிருப்பவரை ஆங்கிலத்தார் ‘இன்கம்பெண்ட்’ என்பர். அதன் இலத்தீன் மூலம் ஒன்றின்மேற் சாய்ந்திருத்தலைக் குறிக்கும். அவர் மொழியிற் பதவியாளர் பதவியின்மேற் சாய்கின்றார். நம் மொழியிற் பதவி பதவியாளர்மேல் அமர்கின்றது. அவர்களுடைய ‘மினிஸ்டர்’ என்னும் சொல்லோ பணியாள் என்னும் பொருளது. எனவே ஒவ்வொரு மொழியும் ஏதேனும் ஒரு சொல்லில் இவ்வுண்மையைக் காத்து வைத்திருக்கின்றது எனலாம்.

வகித்தலின் இலக்கணத்தை மறந்தவனுக்கு நேர்ந்ததைப் புராணம் நகுடன் கதையாற் காட்டுகின்றது. இந்திரன் மறைந்திருந்த காலத்தில் இந்திர பதவி நகுடனுக்குக் கிடைத்தது. தகுதியுடையவனென்றே தேவர் அவனைத் தேர்ந்தனர். அவனோ பதவியைத் தான் சுமப்பதை விடுத்து, முனிவர் தன்னைச் சுமக்குமாறு பல்லக்கில் ஏறினான். விரைந்து செல்லுமாறு அகத்தியரைக் கடிந்தான். அவர் சாபத்தாற் பாம்பாகி வீழ்ந்தான். பதவியை வகிக்கவேண்டியவன் பிறரைத் தனக்கு வாகனமாக்கினமையே அவன் குற்றம். கோயில் விழாவில் இறைவனைத் தாங்கி வரும் வாகனத்தின் முன் மக்கள் கைகூப்புகின்றனர். அவ்வணக்கம் தனக்கென்று வாகனம் எண்ணுமாயின் அதனினும் நகைப்பிற்கிடமானது யாது?

இறக்கி வைத்தலும் இறக்கப்படுதலும்

சுமப்பது என்றால் இறக்குவதும் உண்டு. பதவியை விட்டு நீங்குதற்குரிய சொற்கள் விலகல், துறத்தல், இராஜிநாமா என்பன. துறத்தல் முனிவரின் சொல். விரும்பத்தக்கது ஒன்றை விரும்பி விடுதல். 1954ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் பதவியை வகித்த காமராசர், கட்சிப் பணியை வலுப்படுத்துவதற்காக 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அப்பதவியினின்றும் தாமே விலகினார். வலியுள்ள தோளோடு சுமையை இறக்கி வைத்த செயல் அது. துறத்தல் என்னும் சொல் அதற்குப் பொருந்தும்.

இராஜிநாமா என்பதோ பாரசீகச் சொல். இராஜி என்பது இசைவு. நாமா என்பது எழுத்து. இசைந்து எழுதிக்கொடுக்கும் பத்திரம் என்பது அதன் நேர்ப்பொருள். இச்சொல்லின் பொருளைப் பொய்யாக்கிய நிகழ்ச்சிகள் நம் நாட்டில் நடந்துள்ளன. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதனை ஏற்க மனமில்லாத ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் ஆங்கே பத்தாண்டுக் காலம் தேர்தல் நிலைபெறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோரும் உடனுக்குடன் இராஜிநாமா கொடுத்து நீங்கினர். எழுத்து அவர்களுடையது, இசைவு எவருடையது? 2006ஆம் ஆண்டு அக்டோபரிலேதான் அவ்வூர்களில் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றனர்.

அதே மாவட்டத்து மேலவளவில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், அப்பதவியை வகித்தமை ஒன்றே காரணமாக, 1997ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் தம்மைச் சார்ந்த ஐவரோடு கொல்லப்பட்டார். ஓர் ஊராட்சித் தலைவர் பதவி அளவிற் சிறியது. அதன் பளுவோ ஓர் உயிரின் அளவாயிற்று. சகலலோகச் சக்கரவர்த்தி என்னும் பட்டத்தையும் மேலவளவு ஊராட்சித் தலைவர் என்னும் பதவியையும் ஒருங்கே வைத்து எண்ணுக. வகித்தல் என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் எங்கே உளது என்பது புலனாகும்.

வகிப்பார் எவர்?

பதவி ஒருவர் பெயரிலும் பளு மற்றொருவர் கையிலும் இருக்குமாயின் வகித்தல் என்னும் சொல் பொய்யாகின்றது. உள்ளாட்சியில் மகளிர்க்கு மூன்றிலொரு பங்கு இடம் ஒதுக்கிய தமிழ்நாடு, 2016இல் அதனைச் சரிபாதியாக உயர்த்தியது. பல ஊர்களிற் பெண்டிர் அப்பொறுப்பைத் திறம்படச் செய்து வருகின்றனர். சில ஊர்களிலோ மனைவியார் பெயர்ப் பலகையில் இருக்க, கணவர் நாற்காலியில் இருக்கின்றார். ஒருவர் வகிக்க, மற்றொருவர் செலுத்துவது முறையன்று. சுமக்கத் தக்கவள் அல்லள் என்று பெண்ணை நோக்கிச் சொல்வோர், குடும்பத்தின் சுமையை நாள்தோறும் எவர் வகிக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

வகிப்பார் எவருமின்றிப் பதவி வெறிதே கிடத்தலும் உண்டு. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் காலம் முடிந்தபின், திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019ஆம் ஆண்டு டிசம்பரிலேயே நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கு மேலாக ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. அத்தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025ஆம் ஆண்டு சனவரியில் முடிந்தபோதும் தனி அலுவலர்களே மீண்டும் அமர்த்தப்பட்டனர். இங்கே நம் அலுவலக வழக்கொன்றைச் சுட்டுதல் தகும். நிலையான பதவியாளர் இல்லாதபோது தற்காலிகமாகப் பார்ப்பவரின் பதவிப்பெயருக்குப் பின் ‘பொறுப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவர். பொறுத்தல் என்பதும் சுமத்தலே. வகித்தல் என்னும் வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் அது. அதனைத் தற்காலிகமானவர்க்கு மட்டும் உரிமையாக்கி அடைப்புக்குறிக்குள் அடைத்தது நம் வழக்கின் விந்தையாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பதவி என்பது பலர் நடக்கும் வழி என்பதும், வகித்தல் என்பது அவ்வழியிற் பளுவைத் தாங்கிச் செல்லுதல் என்பதும், அதிகாரத்தை அணியாகவும் உடைமையாகவும் எண்ணிய சொற்கள் பட்டத்தோடும் ஜாகீரோடும் தேய்ந்து போக, வினையாக எண்ணிய சொல்லே மக்களாட்சியிற் பொருந்தி நிற்கின்றது என்பதும் விளங்கும்.

நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் நாளை சங்கங்களிலும் சபைகளிலும் அரசிலும் பதவி ஏற்பர். அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதுவோர் வழக்கம்போல ‘இன்ன பதவியை வகித்தார்’ என்று எழுதுவர். அச்சொல் எழுதுவோர்க்கு எளிது. அதனை மெய்யாக்குவது ஏற்றோர் கடன். உத்தரமேரூரார் வாரியஞ் செய்தவரிடம் கணக்குக் கேட்டனர். நாமும் பதவி வகித்தவர் எவராயினும் இரண்டு வினாக்களைக் கேட்போம்: நீர் சுமந்தது யாது? உம்மைச் சுமந்தவர் எத்தனை பேர்? முதல் வினாவிற்கு விடை நீண்டும் இரண்டாம் வினாவிற்கு விடை குறைந்தும் இருப்பின் அவர் பதவி வகித்தவரே; அன்றேல் பட்டம் சூடினவர் என்று எழுதி அமைவோம்.